வினிகரில் திரிந்த பால் எக்சோசோம் தூள்

பசும்பாலிலிருந்து பிரித்தெடுத்த எக்சோசோம் (உயிரணுக்கள் வெளியிடும் மிக நுண்ணிய பை) என்று விளம்பரப்படுத்தி இணையத்தில் விற்கப்படும் ஒரு தூளை எங்கள் வீட்டில் மூன்று வாரங்களுக்கு மேல் பயன்படுத்தினோம். இரண்டு கிராம் பொட்டலங்கள் முப்பது கொண்ட ஒரு பெட்டியின் விலை 2,850 ரூபாய். விற்கும் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் எழுப்பும் கேள்விகள் இத்தகைய தூளை விற்கும் எவரிடமும் கேட்கப்பட வேண்டியவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விலைக்குரிய பொருள் பொட்டலத்துக்குள் இருக்கிறது என்பதற்குப் பெட்டியிலோ, உடன் வந்த தாளிலோ, பின்னர் வந்த பதிலிலோ எந்தச் சான்றும் இல்லை. அப்படியே இருந்தாலும், அது கெடாமல் பெங்களூரிலிருந்து எங்கள் தக்கலை வரை வந்து சேர்ந்தது என்று நம்புவதற்கும் வழியில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். குமரி மாவட்டத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதிகாலையில் சங்கங்களிலிருந்து வரும் கேன்களைத் திறந்து, முகர்ந்து பார்த்து, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, கெர்பர் குழாயில் கந்தக அமிலத்தோடு பாலைச் சேர்த்துக் கொழுப்பை அளந்து, ஒவ்வொரு விவசாயிக்கும் அவருடைய பாலின் தரத்துக்குரிய விலை கிடைக்கச் செய்வதே என் வேலையாக இருந்தது. கொழுப்பு ஒரு புள்ளி குறைந்தால் பால் ஊற்றும் பெண்மணி உடனே கணக்குக் கேட்பார். அளந்து காட்டாமல் எதையும் எழுத முடியாது. அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

என் தாயாருக்கு 79 வயது. கடந்த மழைக்காலத்தில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார். புரதமும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கூறியிருந்தார். பெங்களூரில் பணிபுரியும் என் மருமகன், அதாவது தங்கையின் மகன், ஆச்சியின் மேலிருந்த அன்பினால் இந்தப் பெட்டியை வரவழைத்து எங்களுக்கு அனுப்பினான். எலும்பு விரைவில் கூடும், மூட்டு வலி தணியும், நினைவாற்றல் பெருகும் என்றெல்லாம் உடன் வந்த வண்ணத்தாள் கூறியது. முதல் பொட்டலத்தை வெதுவெதுப்பான நீரில் கலக்கிக் கொடுத்தபோது அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பால்பொடி தானே மக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

எக்சோசோம் என்பது புரதம், கால்சியம் போன்ற ஒரு சத்தின் பெயரன்று. உயிரணுக்கள் தமக்குள்ளே மிகச் சிறிய பைகளை உருவாக்கி, அவற்றை வெளியே அனுப்புகின்றன. 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள அந்தப் பைகளின் சுவர் கொழுப்பாலான இரட்டைப் படலம். உள்ளே சில புரதங்களும், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும், ஏறத்தாழ 22 வேதி எழுத்து நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. துண்டுகளும் இருக்கும். 1983-இல் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்கள் முதிரும் விதத்தை ஆராய்ந்தபோது இவை கவனத்துக்கு வந்தன. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவினர் 1987-இல் எக்சோசோம் என்ற பெயரை வழங்கினர். தாய்ப்பாலில் இவை இருப்பது 2007-இல் விவரிக்கப்பட்டது. பசும்பாலிலும் இருக்கின்றன, கன்று ஈன்ற முதல் நாள்களில் கறக்கும் சீம்பாலிலும் இருக்கின்றன. ஆகவே பாலில் எக்சோசோம் உண்டு என்று நிறுவனம் சொல்வது உண்மை. அதைப் பாலிலிருந்து தனியே பிரித்து, சிதையாமல் காத்து, பொட்டலத்தில் அடைத்தார்களா என்பதுதான் கேள்வி.

இங்கே குறுக்கே நிற்பது கேசின். பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின்தான். அது கால்சியம் பாஸ்பேட்டோடு பிணைந்து சின்னஞ்சிறு திரள்களாக மிதப்பதனால்தான் பால் வெண்மையாகத் தெரிகிறது. அந்தத் திரள்களின் அளவு சுமார் 50 நானோமீட்டரில் தொடங்கிச் சில நூறு நானோமீட்டர் வரை போகும். அதாவது எக்சோசோமின் அளவும் கேசின் திரளின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அளவை மட்டும் கொண்டு சலித்தால் இரண்டும் சேர்ந்தே வரும். லேசர் ஒளியில் துகள்களின் அசைவைப் பார்த்து எண்ணிக்கை சொல்லும் கருவிகள் உண்டு. அவற்றுக்கும் இது பை, இது கேசின் என்ற வேறுபாடு தெரியாது. எனவே ஒரு பொட்டலத்தில் இத்தனை நூறு கோடித் துகள்கள் என்று பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது, தனியாக எதையும் நிறுவுவதில்லை. கொழுப்பு நீக்கிய சாதாரணப் பால்பொடியைக் கரைத்து அதே கருவியில் வைத்தாலும் பெரிய எண்ணிக்கைதான் வரும்.

முறையாகப் பிரிப்பதற்குப் பல படிகள் வேண்டும். முதலில் பாலைச் சுழற்றிக் கொழுப்பை நீக்க வேண்டும். இது எந்தப் பால் பண்ணையிலும் கிரீம் செப்பரேட்டர் செய்கிற வேலை. அதன்பின் இன்னும் வேகமாகச் சுழற்றி உயிரணுக்களையும் சிதைவுகளையும் அடியில் தள்ள வேண்டும். மூன்றாவதாகக் கேசினை அகற்ற வேண்டும். அதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: அமிலம் சேர்த்து கார அமிலக் குறியீட்டை 4.6-க்குக் கொண்டுவந்து திரியச் செய்வது, சீஸ் செய்யப் பயன்படும் ரென்னெட்டை ஊற்றி உறையச் செய்வது, அல்லது சிட்ரேட், இ.டி.டி.ஏ. போன்றவற்றால் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக் கேசின் திரளையே சிறு துணுக்குகளாகக் கலைத்துவிடுவது. அமிலம் மலிவானது, விரைவானது. ஆனால் பைகளின் மேற்பரப்பிலுள்ள புரதங்களை அது பாதிக்கக்கூடும், திரியும் கேசின் சில பைகளையும் தன்னோடு இழுத்துச் செல்லும். சிட்ரேட் மென்மையானது, ஆனால் கலைந்த கேசின் கரைசலிலேயே தங்குவதால் அடுத்த படிகளில் கூடுதல் கவனம் வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரியாமல் கையில் கிடைத்த தூளின் தூய்மையைப் பற்றிப் பேசவே முடியாது.

அதற்குப் பிறகுதான் பைகளைத் திரட்டும் வேலை வருகிறது. ஆய்வகங்களில் புவியீர்ப்பைப் போல் 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றி அடியில் படியவைப்பார்கள். அது ஒரு சிறிய குழாய்க்குப் பொருந்தும். ஆயிரம் லிட்டர் பாலுக்குப் பொருந்தாது. மேலும் அந்த விசையில் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உடைவதும் உண்டு. ஆகவே தொழிற்சாலை அளவில் நுண்துளைச் சவ்வின்மீது நீர்மத்தைப் பக்கவாட்டில் ஓடவிட்டு வடிகட்டும் முறையையே பெரிதும் நாடுகிறார்கள். அளவின் அடிப்படையில் பிரிக்கும் நெடுங்குழாய் முறையும் உண்டு. அடர்த்தி வேறுபட்ட சர்க்கரைக் கரைசல் அடுக்குகளில் மிதக்கவிட்டால், எக்சோசோம்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 1.13 முதல் 1.19 கிராம் வரையிலான அடர்த்தியில் நிற்கும். தூய்மை வேண்டுவோர் அந்தப் படியையும் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் மின்னணு நுண்ணோக்கியில் பைகளின் வடிவத்தைப் பார்த்து, சி.டி.9, சி.டி.63, சி.டி.81, டி.எஸ்.ஜி.101 போன்ற அடையாளப் புரதங்கள் இருப்பதையும் கேசின் கலப்பு எவ்வளவு என்பதையும் காட்டினால்தான் இது எக்சோசோம் என்று துறை அறிந்தவர்கள் ஏற்பார்கள். இதற்கென்றே சர்வதேச அமைப்பு ஒன்று 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளின் பெயரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது.

இத்தனையும் மனத்தில் வைத்துக்கொண்டு பெட்டியின் பின்புறத்தைப் படித்தேன். பால் எக்சோசோம் செறிவு, மால்டோடெக்ஸ்டிரின், வெனிலா மணம் என்று மூன்றே வரி. மூன்றில் எது எத்தனை விழுக்காடு என்று இல்லை. பிரித்த முறை இல்லை. பரிசோதனைச் சான்று இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் அச்சிடப்பட்டிருக்கிறது; மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று சட்டம் கோரும் வரியும் மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த வரிக்கும், வலி தீரும் என்று வண்ணத்தாளில் அச்சிட்டிருப்பதற்கும் உள்ள முரண்பாட்டை யாரும் விளக்கவில்லை. வலியோடு இருக்கும் ஒரு முதியவரின் குடும்பம் இந்த இரண்டில் எதை நம்பிப் பணம் கொடுக்கும் என்பது அச்சிட்டவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இருபத்திரண்டு நாள்கள் வரை அம்மாவுக்கு நாள்தோறும் ஒன்று கொடுத்துவந்தேன். இருபத்து மூன்றாம் நாள் காலையில் பொட்டலத்தைப் பிரித்தபோது தூள் கட்டியாக இறுகியிருந்தது. அன்றைக்குத்தான் மீதமிருந்த எட்டையும் எடுத்துவைத்து, எனக்குத் தெரிந்த வகையில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சோதனை எளியது, சமையலறையிலேயே எவரும் செய்யலாம். ஐந்து பொட்டலங்களின் பத்துக் கிராம் தூளை நூறு மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரைத்தேன். பக்கத்தில் இன்னொரு குவளையில், கடையில் வாங்கிய கொழுப்பு நீக்கிய பால்பொடியைப் பத்துக் கிராம் எடுத்து அதே அளவு நீரில் கரைத்தேன். இரண்டிலும் வெள்ளை வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லிட்மஸைவிட நுட்பமாகக் கார அமில அளவு காட்டும் சோதனைத்தாளில் 4.6-ஐ நெருங்கும் வரை கலக்கினேன். பால்பொடி எதிர்பார்த்தபடியே திரிந்து, வெண்திரளும் மஞ்சள் சாயலுள்ள தெளிநீருமாகப் பிரிந்தது. எக்சோசோம் தூளும் திரிந்தது. இரண்டையும் மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, சுத்தமான தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, அடுத்த வீட்டுப் பொற்கொல்லர் நண்பரின் தராசில் எடைபோட்டேன். பால்பொடியில் ஏறத்தாழ 2.7 கிராம் நின்றது. எக்சோசோம் தூளில் ஏறத்தாழ 1.5 கிராம்.

இதன் பொருளை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். கேசின் கேடான பொருளன்று, நல்ல புரதம். அது இருப்பதனால் எக்சோசோம் அறவே இல்லை என்றும் ஆகாது. அதேபோல் வினிகரில் திரியாத தூள் ஒன்று கிடைத்தால் அது தூய எக்சோசோம் என்றும் முடிவுகட்ட முடியாது; அமிலத்தில் திரியாத பிற பால் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் பத்துக் கிராமில் ஒன்றரைக் கிராம் திரிகிறது என்றால், கேசினை அகற்றும் படி இங்கே முழுமையாக நடக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். ஒரு லிட்டர் பாலிலிருந்து கிடைக்கும் எக்சோசோம் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். அதனோடு ஒப்பிட்டால் இந்த ஒன்றரைக் கிராம் கலப்பு மலைபோன்றது. ஒரு கிராமுக்கு 47 ரூபாய் 50 காசு கொடுத்து, அதில் ஒரு பகுதியை மால்டோடெக்ஸ்டிரின் என்ற மாவுச் சர்க்கரையாகவும் இன்னொரு பகுதியைச் சாதாரணப் பால் புரதமாகவும் வாங்கியிருக்கிறோம். அம்மா முதல் நாளே கேட்டது சரியான கேள்வி.

பாதுகாப்பு முறையைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பிரித்தெடுப்பது சரியாக நடந்திருந்தாலும் இங்கேதான் எல்லாம் கைநழுவிப் போயிருக்கும். எக்சோசோமின் பயன் என்று சொல்லப்படுவது அதன் படலம் முழுமையாக இருப்பதைப் பொறுத்தது. உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. துண்டுகளை வயிற்று அமிலத்திலிருந்தும் நொதிகளிலிருந்தும் காப்பது அந்தப் படலம்தான். அது கிழிந்தால் உள்ளிருப்பது விரைவில் சிதையும். ஆய்வகங்களில் இவற்றை மைனஸ் 80 பாகையில் வைக்கிறார்கள். உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பனிப்படிகங்கள் படலத்தைக் குத்திக் கிழிக்கும் என்பதால் அதையும் தவிர்க்கிறார்கள். தூளாக்க வேண்டுமென்றால் உறைநிலையில் உலர்த்துவது நல்ல வழி. அப்போது டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்ப்பார்கள். நீர் வெளியேறும் வேளையில் அது நீரின் இடத்தில் நின்று படலத்தைத் தாங்கி, பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கண்ணாடி போன்ற திடநிலையில் பிடித்து வைக்கும். அந்தக் கண்ணாடி நிலை ஈரம் பட்டால் இளகிவிடும். ஆகவே அலுமினியத் தகடு ஒட்டிய உறையும், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலமும், குளிர்ச்சியும் இன்றியமையாதவை.

எங்களுக்கு வந்த பெட்டியில் டிரெஹலோஸ் என்ற பெயரே இல்லை. உறை வெறும் பிளாஸ்டிக் பூசிய காகிதம். ஈர உறிஞ்சி இல்லை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள்; எத்தனை பாகை என்று எழுதவில்லை. கூரியர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து நாளும் பெட்டி எந்தக் கிடங்கில், எந்தத் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தது என்று அறியும் வெப்பக் குறிப்பான் எதுவும் அதில் ஒட்டப்பட்டிருக்கவில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. உப்பு ஜாடி ஆண்டில் பாதி நாள் கசிகிற ஊரில், காகித உறையில் வந்த தூள் இருபத்து மூன்றாம் நாள் கட்டியானதில் வியப்பில்லை. இந்த ஊருக்கு அனுப்புகிறவர்கள் இதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். கேசினை எந்த முறையில் நீக்குகிறீர்கள், எக்சோசோம் விழுக்காடு என்ன, அடையாளப் புரதங்களைச் சோதித்த அறிக்கை இந்தத் தொகுதிக்கு உண்டா, உலர்த்தும் முறையும் காப்புச் சர்க்கரையும் எவை, எந்த வெப்பநிலையில் எத்தனை மாதம் தாங்கும் என்று சோதித்தீர்களா என்று ஐந்து கேள்விகள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த பதிலில், தயாரிப்பு முறை வணிக ரகசியம் என்ற ஒரு வரியும், அடுத்த பெட்டிக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி என்ற ஒரு வரியும் இருந்தன. தயாரிப்பு முறையை மறைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் பரிசோதனை முடிவை மறைக்க என்ன காரணம் இருக்க முடியும்? மார்த்தாண்டத்தில் தேன் வாங்கப் போகிறவர்கூட அக்மார்க் முத்திரை இருக்கிறதா என்று புட்டியைத் திருப்பிப் பார்க்கிறார்.

பயனைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அம்மாவின் வலி இந்த மூன்று வாரத்தில் சற்றுக் குறைந்திருக்கிறது. அதே மூன்று வாரத்தில் இயன்முறை மருத்துவர் வாரம் மூன்று நாள் வந்து பயிற்சி கொடுத்தார். இதில் தூளுக்கு எந்தப் பங்கும் நான் எழுதமாட்டேன். ஆய்வுகளில், பசும்பால் எக்சோசோமை வாய்வழியாகப் பெற்ற எலிகளில் மூட்டு அழற்சி குறைந்ததாகவும், குடல் சுவர் நலம் பெற்றதாகவும் முடிவுகள் வந்திருக்கின்றன. இவை ஊக்கம் தருபவை. மனிதர்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், பால் குடித்தவர்களின் இரத்தத்தில் பாலின் மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடுவதாக அறிவித்தனர், அதைச் சரிபார்க்க முயன்ற வேறொரு குழு 2016-இல் அந்த முடிவு உறுதிப்படவில்லை என்று எழுதியது. அடிப்படையிலேயே விவாதம் நடந்துகொண்டிருக்கும் ஒரு துறையில், எலும்பு விரைவில் கூடும் என்று ஒரு முதியவருக்கு வாக்குறுதி அளிப்பது தவறு. மருந்தை ஏற்றிச் செல்லும் கலமாகப் பால் எக்சோசோமைப் பயன்படுத்தும் முயற்சிகள் மேல்நாடுகளில் நடப்பதை நான் ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். அந்தத் துறை மேல் எனக்கு மதிப்பு இருப்பதனால்தான் அதன் பெயரால் இப்படி ஒரு தூள் விற்கப்படுவது மனத்தை வருத்துகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிக்கவைப்பதும், கொழுப்பை உடைத்துச் சீராக்கும் ஹோமோஜினைசேஷனும் இந்த நுண்பைகளைச் சிதைக்கும் என்பது உண்மைதான். இதைக் கேள்விப்பட்டு, அப்படியானால் கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்துவிடலாமே என்று திருவட்டாறு பக்கத்து உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. புருசெல்லா நோயும் மாட்டுக் காசநோயும் காய்ச்சாத பாலின் வழியாக மனிதருக்குப் பரவும். எக்சோசோமுக்காகப் பச்சைப்பால் குடிப்பது, கிடைக்குமா என்று தெரியாத ஒரு நன்மைக்காக நிச்சயமான ஆபத்தை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

இந்தப் பெட்டியில் பாராட்டத்தக்கவையும் உண்டு. தூள் சூடான நீரில் கட்டியில்லாமல் கரைந்தது, கட்டியாகிப்போன கடைசிப் பொட்டலங்களைத் தவிர. இனிப்பு மிதமாக இருந்தது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை தமிழிலும் அச்சிடப்பட்டிருந்தது. இதைச் செய்யாத நிறுவனங்கள் பல. அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறு எதுவும் வரவில்லை.

ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றுதான் கொடுக்கிறேன். தொகுதி எண்ணோடு கூடிய பரிசோதனை அறிக்கை, எக்சோசோமின் விழுக்காடு, ஈரம் புகாத உறை, வெப்பக் குறிப்பான் ஆகிய நான்கும் சேர்ந்து வருமானால், விலை இன்னும் கூடுதலாக இருந்தாலும் மறுபடி வாங்கிச் சோதிக்க ஆயத்தமாக இருக்கிறேன். அப்போது இந்த மதிப்பெண்ணையும் திருத்தி எழுதுவேன். இரண்டாவது பெட்டி அனுப்பட்டுமா மாமா என்று மருமகன் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டான். அந்தப் பணத்துக்கு ஆச்சிக்கு இன்னும் ஒரு மாதம் இயன்முறைப் பயிற்சி கொடுக்கலாம் என்று சொன்னேன். அவன் மறுநாளே அதற்கான தொகையை அனுப்பிவிட்டான். அம்மா இப்போது காலையிலும் இரவிலும் காய்ச்சிய பசும்பால் ஒவ்வொரு குவளை குடிக்கிறார், மதியம் முள்ளோடு மென்று தின்னும்படி வேகவைத்த நெத்திலி சாப்பிடுகிறார். திறக்காத மூன்று பொட்டலங்களையும் விலைச்சீட்டையும் ஓர் உறையில் போட்டு, அதே ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிச் சேர்த்து, தக்கலை அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலாக நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்.